நிழலுக்கு இரண்டு பெயர்

மூன்று வருடம் ஆகிவிட்டது. அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் இன்னமும் காது சூடாகிறது. ஒரு பேராசிரியரின் பணி நிறைவுக்காக அவருடைய பழைய மாணவர்கள் மலர் ஒன்று கொண்டுவந்தார்கள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம் என்று ஏற்பாடு. பேராசிரியரின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வலது பக்கம். நாலைந்து கட்டுரைகளை ஆங்கிலமாக்கும் வேலை என்னிடம் வந்தது. அதில் ஒன்று, அவரிடம் ஆய்வு செய்து பிறகு அவர் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்த ஒரு மாணவி எழுதியது. நல்ல கட்டுரை. மிகையே இல்லாமல் எழுதியிருந்தார். கடைசி வரி மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்திருந்தது: "நான் அவர் நிழலில் வளர்ந்தவள்."

அந்த வரியில் நான் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதற்கு முந்தைய பத்தியில் இருந்த கலைச்சொற்களோடு அரை நாள் மல்லுக்கட்டியிருந்தேன். இந்த வரி வந்ததும் அப்பாடா என்று இருந்தது. 'ஐ க்ரூ அப் இன் ஹிஸ் ஷேடோ' என்று தட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டேன். பிழை திருத்தியவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. அச்சாகி, விழா மேடையில் வெளியிட்டும் ஆகிவிட்டது.

விழா முடிந்து சாப்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தபோது பேராசிரியரின் மருமகள் புத்தகத்தை விரலிடுக்கில் பிடித்தபடி வந்தாள். ஆங்கிலச் சூழலிலேயே பிறந்து வளர்ந்தவள். குரலைத் தணித்துக்கொண்டு, "அங்கிள், இந்த மேடத்துக்கும் மாமாவுக்கும் நடுவுல ஏதாவது மனஸ்தாபமா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "முழுக்க நல்லாத்தான் எழுதியிருக்காங்க. கடைசி வரியில மட்டும் ஏன் இப்படிக் குறைபட்டுக்கறாங்க?" வரியைப் படித்தேன். மறுபடி படித்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அவளே பொறுமையாகச் சொன்னாள்: "ஒருத்தரோட ஷேடோல வளர்ந்தேன்னு சொன்னா, அவர் அவ்ளோ பெருசா முன்னாடி நின்னதால என்னை யாருமே பார்க்கலைன்னு அர்த்தம் அங்கிள்."

நன்றி சொல்ல எழுதிய ஒரு வரியை நான் புகார் மனுவாக மாற்றியிருந்தேன். அதுவும் அந்த மனிதரின் கையிலேயே கொடுத்து.

கேள்வி வேறு

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அங்கே ஷேட் என்று போட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று பார்த்தேன். இல்லை. 'இன் ஹிஸ் ஷேட்' என்றால் ஆங்கிலக்காரருக்கு ஒரு குண்டு மனிதரின் பின்னால் யாரோ வெயிலுக்கு ஒதுங்கிய காட்சிதான் வரும். ஆக, நான் செய்தது இரண்டில் ஒன்றைத் தவறாக எடுத்த பிழைகூட இல்லை. இரண்டுமே அங்கே ஆகாது. இது என்னைத் தூங்கவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு சொல்லுக்கும் எதிரே 'நிழல்' என்று எழுதி மனப்பாடம் செய்தவன் நான். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் போலிருக்கிறது என்று அத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அகராதிகள் சொல்வது நமக்குத் தெரிந்ததுதான். வெயில் படாத இடம் ஷேட். ஒளியை மறைக்கும் பொருளின் உருவம் தரையிலோ சுவரிலோ கறுப்பாக விழுந்தால் ஷேடோ. இதை மனதில் வைத்துக்கொண்டு வாக்கியம் எழுதிப் பாருங்கள், பாதி இடங்களில் உதவாது. எனக்கு உதவியது வேறொன்று. அந்த இரண்டு சொல்லும் வெவ்வேறு கேள்விக்குப் பதில். ஷேட் என்றால் 'எங்கே ஒதுங்கலாம்?' ஷேடோ என்றால் 'இது யாருடையது?' ஷேடுக்குச் சொந்தக்காரர் தேவையில்லை, எல்லைக்கோடும் தேவையில்லை. அதை எண்ணவும் முடியாது. கொஞ்சம் ஷேட், நிறைய ஷேட் என்று தண்ணீரைப் போலத்தான் சொல்ல வேண்டும். ஷேடோ அப்படியில்லை. அதற்கு வடிவம் உண்டு, விளிம்பு உண்டு, ஒன்று இரண்டு என்று எண்ணலாம், முக்கியமாக அது யாரையோ எதையோ சேர்ந்தது. ஒரே மரம், ஒரே கறுப்புத் திட்டு. அதற்குள் போய் உட்கார்ந்தால் ஷேட். எழுந்து வந்து தூர நின்று 'எவ்வளவு நீளமாக விழுந்திருக்கிறது பார்' என்றால் ஷேடோ.

இதைச் சோதித்துப் பார்க்க வானத்தைவிட நல்ல இடம் இல்லை. சூரிய கிரகணத்தின்போது சந்திரனின் நிழல் பூமிமேல் ஓடுகிறது. கருநிழலுக்குள் நிற்பவருக்கு வெயில் போய்விடும், காற்று கொஞ்சம் குளிர்ந்துகூடப் போகும். ஆனாலும் ஆங்கிலத்தில் அது ஷேடோ மட்டும்தான். காரணம், அது சந்திரனுடையது, வட்டமான விளிம்போடு நகர்ந்துகொண்டிருக்கிறது. சந்திர கிரகணத்தில் நிலவின்மேல் விழும் பூமியின் நிழல் எப்போதும் வளைவாகவே இருக்கிறதே என்பதை வைத்துத்தான் பூமி உருண்டை என்று அரிஸ்டாட்டில் வாதம் செய்தார், அதுவும் ஷேடோ. அவ்வளவு ஏன், தினமும் ராத்திரி நாம் படுத்துத் தூங்குவதே பூமியின் நிழலுக்குள்தான். அதற்குள் ஒதுங்கியிருக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை.

எதிர்ப்பக்கத்தில், 'வெயில் நூறு டிகிரியைத் தாண்டியது' என்று செய்தி வருகிறதே, அந்த வெயில் அளக்கப்பட்டது ஷேடில். வெப்பமானியை வெயிலில் வைத்தால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, தான் வாங்கிய சூட்டைத்தான் காட்டும். அதனால் பக்கங்களில் சாய்வான பலகை இடுக்குகள் வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், காற்று போய்வரும்படி வைக்கிறார்கள். ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். அந்தப் பெட்டியின் ஷேடோ தரையில் எந்தப் பக்கம் விழுகிறது என்பது வானிலைக்காரருக்குத் தேவையே இல்லை.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட இடங்களில் வருடத்துக்கு இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சியின் நிழல் அதன் காலடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். தமிழில் இதற்கு 'நிழலில்லா நாள்' என்று பெயர். முதன்முதலாக இந்தப் பெயரைக் கேட்டபோது, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத கொடும்பகல் ஒன்று என் மனதில் வந்துபோனது. உண்மையில் அன்று நண்பகலில் மரத்தடியில் நிழல் தாராளமாகவே இருக்கும், நேர் கீழே. இல்லாமல் போவது ஷேடோ, ஷேட் அல்ல. ஆங்கிலத்தில் இந்தக் குழப்பத்துக்கு வழியில்லை. தமிழில் இருக்கிறது என்பதை அன்றே கவனித்திருந்தால் மலரில் மானம் போயிருக்காது.

அப்புறம் இரண்டு சொல்லும் தனித்தனியாக ஊர்சுற்றிச் சேர்த்துக்கொண்ட சொத்து வேறு இருக்கிறது. விளக்கின் தலையில் கவிழ்ப்பது ஷேட், கறுப்புக் கண்ணாடி ஷேட்ஸ், பென்சிலால் தேய்த்து இருட்டாக்குவது ஷேடிங், ஒரே நீலத்தில் பத்து நீலம் இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு ஷேட். ஒரு விஷயம் இம்மி அளவு கூடினாலும் ஒரு ஷேட் கூடிவிட்டது என்பார்கள். ஒருவரை அவருக்குத் தெரியாமல் பின்தொடர்வது ஷேடோ. வேலை கற்றுக்கொள்ள ஒருவர் கூடவே நாள் முழுக்கத் திரிவதும் ஷேடோதான். இவற்றையெல்லாம் ஒரு விதியில் அடைக்க முயன்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஒரு வேற்றுமை உருபு செய்த வேலை

ஆனால் இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது கிடைத்தது என்னை உட்காரவைத்துவிட்டது. இரண்டும் ஒரே சொல். ஒரே வேர் என்றுகூடச் சொல்லக் கூடாது. ஒரே பெயர்ச்சொல்லின் இரண்டு வேற்றுமை வடிவங்கள். பழைய ஆங்கிலத்தில் நிழலுக்கு 'ஷெயடு' என்பதுபோல ஒரு சொல் இருந்தது. எழுவாயாக வரும்போது அதுதான் வடிவம். நிழலின், நிழலுக்கு, நிழலை என்று உருபு ஏறும்போது நடுவில் ஒரு வகர ஒலி வந்து 'ஷெயட்வெ' என்று மாறும். நம்முடைய மரம், மரத்து போல. வீடு, வீட்டு போல. பின்னால் சில நூற்றாண்டுகளில் ஆங்கிலம் தன் உருபுகளை ஒவ்வொன்றாக உதிர்த்தது. உதிர்ந்தபோது பெரும்பாலான சொற்களில் ஒரு வடிவம் மட்டும் தங்கியது. இங்கே இரண்டும் தங்கிவிட்டன. எழுவாய் வடிவம் ஷேட் ஆயிற்று. உருபு ஏற்ற வடிவம் ஷேடோ ஆயிற்று. புல்வெளியைக் குறிக்கும் மெடோ என்ற சொல்லுக்கும் இதே கதை; அதன் எழுவாய் வடிவமான மீட் இன்று பழைய கவிதைகளில்தான் கிடைக்கிறது.

'வீடு' என்றால் கட்டடம், 'வீட்டு' என்றால் குடும்பம் என்று தமிழ் ஒருநாள் இரண்டு தனிச்சொல்லாக வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? பைத்தியக்காரத்தனமாக இருக்கும். அதைத்தான் ஆங்கிலம் செய்திருக்கிறது, அதுவும் கைதவறி. ஒரே பொருளுக்கு இரண்டு வடிவம் சும்மா கிடந்தால் மக்கள் விடமாட்டார்கள், ஆளுக்கொரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பங்கீடு ஒரே நாளில் முடியவும் இல்லை. 1611-ல் வெளிவந்த ஆங்கில பைபிளில் கடவுளின் சிறகுகளுக்குக் கீழே அடைக்கலம் தேடும் இடத்தில் ஷேடோ என்றுதான் இருக்கிறது. குளிர்ச்சியும் காவலும் அப்போது ஷேடோவுக்குள்ளும் இருந்தன. என் வாக்கியம் நானூறு வருடம் தாமதமாக அச்சாகிவிட்டது என்று இதைப் படித்த அன்று சொல்லிக்கொண்டேன், ஆறுதலுக்கு.

சரி, தமிழ் என்ன செய்கிறது? நமக்கு ஒரே சொல்தானே என்று விட்டுவிட முடியவில்லை. நாமும் பிரிக்கிறோம், வேறு இடத்தில். "மரநிழலில் உட்கார்ந்தான்." "மரத்தின் நிழல் சுவரில் விழுந்தது." இரண்டையும் மாற்றிப்போட்டுச் சொல்லிப் பாருங்கள். "மரநிழல் சுவரில் விழுந்தது" என்றால் நாக்கு லேசாகத் தடுக்குகிறது. தொகையாக ஒட்டிக்கொண்டால் ஷேட். 'இன்' என்று உருபு விரிந்து உடையவரைக் காட்டினால் ஷேடோ. அசைக்க முடியாத விதி என்று சொல்லமாட்டேன், ஆனால் காதுக்கு அப்படித்தான் படுகிறது. மிச்சத்தை வினைச்சொல் பார்த்துக்கொள்கிறது. நிழல் தரும், நிழலில் ஒதுங்கும், நிழல் தேடும்போது ஒன்று. நிழல் விழும், நிழல் நீளும், நிழல் தொடரும்போது இன்னொன்று. உருபுகளைத் தொலைத்த மொழி அந்த உருபு விட்டுப்போன தடத்தை வைத்து இரண்டு சொல் செய்துகொண்டது. உருபுகளை வைத்திருக்கும் மொழி ஒரே சொல்லோடு காலம் தள்ளுகிறது.

மரண இருள், மழை மறைவு

இதற்கப்புறம் மொழிபெயர்ப்புகளில் நிழலைத் தேடுவது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது. பைபிளின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் ஆங்கிலம் 'மரணத்தின் ஷேடோ படிந்த பள்ளத்தாக்கு' என்கிறது. தமிழ் வேதாகமம் அதே இடத்தில் 'மரண இருளின் பள்ளத்தாக்கு' என்கிறது. எபிரேய மூலச்சொல்லையே காரிருள் என்று கொள்பவர்களும் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பக்கம் போயிருக்கலாம். ஆனால் அதே புத்தகத்தில் தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்துக்கு வந்தால், 'சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்'. அங்கே நிழல் தாராளமாக வருகிறது. என் ஊகம் இதுதான்: 'மரண நிழல்' என்று எழுதியிருந்தால் தமிழ்க் காதுக்குப் பயமே வந்திருக்காது. வெயிலில் அலைந்த மனிதன் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம்போல ஒலித்திருக்கும்.

பூகோளப் பாடமும் இதையே செய்திருக்கிறது. மலை மழைமேகத்தைத் தடுத்துவிட, அதன் மறுபக்கம் வறண்டு கிடப்பதை ஆங்கிலம் மழையின் ஷேடோ என்று சொல்லும். நமக்கு அது 'மழை மறைவுப் பிரதேசம்'. மறைவு! பாடநூல் எழுதிய யாரோ ஒருவர், வறட்சிக்கு நிழல் என்று பெயர் வைக்க மனம் வராமல் பேனாவை நிறுத்தியிருக்கிறார். அவர் யாரென்று தெரிந்தால் கும்பிடுவேன். நான் நிறுத்தாத இடம் அது.

ஏனென்றால் தமிழில் நிழல் அடிப்படையில் நல்லது. ஆங்கிலச் சொல்லின் வேரைத் தோண்டினால் இருட்டுதான் வருகிறது. கிரேக்கத்தில் அதன் உறவுச் சொல்லுக்கு இருள் என்றே பொருள். தமிழில் நிழலுக்குப் பழைய இலக்கியத்தில் ஒளி என்ற பொருளே உண்டு, அருள் என்பதும் உண்டு. அரசனின் ஆட்சி குடைநிழல். வீணையையும் மாலை நிலவையும் தென்றலையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்த அப்பர், அதுபோன்றது என்று கொண்டுபோய் நிறுத்துவது 'இணையடி நீழலே' என்று. இதை ஆங்கிலத்தில் ஷேடோ என்று போட்டால் யாரோ ஒருவரின் காலடியில் மிதிபடுவதுபோல ஆகிவிடும். நம்மிடம் 'நிழலுலகம்' போன்ற கெட்ட நிழல்களும் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் செய்தித்தாள் கொண்டுவந்தவை. சூரியனின் வெப்பம் தாங்காத அவன் மனைவி தன் சாயையைத் தனக்குப் பதிலாக வீட்டில் நிறுத்திவிட்டுப் போன கதை நமக்குத் தெரியும். ஷேட் தேடிப் போனவள் ஷேடோவை விட்டுப்போனாள் என்று ஆங்கிலத்தில் அதைச் சொல்லலாம். அந்தச் சிலேடை தமிழில் வராது.

பிரெஞ்சிலும் நம்மைப் போல ஒரே சொல்தான், 'ஓம்ப்ர்'. ருமேனியச் சிற்பி பிரான்குசி 1907-ல் பாரிஸில் அன்றைய பெரும் சிற்பி ரோதானின் பட்டறையில் சேர்ந்து, கொஞ்ச நாளிலேயே வெளியேறிவிட்டார். பெரிய மரங்களின் நிழலில் எதுவும் வளராது என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு நிலைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சிலர் ஷேட் என்று போடுகிறார்கள், சிலர் ஷேடோ என்று போடுகிறார்கள், சிலர் வம்பே வேண்டாம் என்று மரத்தடி என்று முடித்துவிடுகிறார்கள். பிரான்குசிக்கு அந்தத் தொல்லை இல்லை. குளிர்ச்சியும் தடையும் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

அவரிடம் சொன்னபோது

மலரின் மின்பிரதி தயாராகிறது, திருத்தம் இருந்தால் அனுப்புங்கள் என்று தகவல் வந்தது. என் வரிக்கு மாற்று எப்போதோ தயார். ஆங்கிலம் ஷேடோவைக் கைவிட்டாலும் சிறகைக் கைவிடவில்லை. ஒருவரின் பராமரிப்பில் வளர்வதை 'அண்டர் ஹிஸ் விங்' என்பார்கள். நாமும் இறக்கைக்குள் வைத்து வளர்த்தார் என்கிறோமே, அது. ஆனால் எழுதியவரைக் கேட்காமல் மாற்றுவது சரியில்லை. தயங்கித் தயங்கித் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மருமகள் கேட்டதையும் மறைக்கவில்லை. "தப்பு முழுக்க என்னுதுதான் மேடம். நீங்க சொன்ன அர்த்தத்துக்கு நேர் எதிரா ஆயிடுச்சு" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொண்டால் அதற்கும் தயாராக இருந்தேன். இரண்டும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. இணைப்பு போய்விட்டதோ என்று "மேடம்?" என்றேன்.

"இருக்கேன் சார். வலது பக்கத்தை நான் அன்னிக்கு ராத்திரியே படிச்சுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படித்தவர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

"தமிழ்ல எழுதினப்ப அப்படி எதையும் நினைக்கலை சார். சத்தியமா நினைக்கலை. அவர் இல்லைன்னா நான் இல்லை, அதுதான் மனசுல இருந்தது. ஆனா இங்கிலீஷ்ல அந்த வரியைப் பார்த்தப்புறம்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. பதினோரு வருடம் அவரோடு வேலை செய்தவர். அத்தனை ஆய்வுக் கட்டுரைகளிலும் முதலில் அவர் பெயர் இருக்கும், இரண்டாவதாக இவர் பெயர் இருக்கும். பட்டியல் மலரின் பின்னிணைப்பில் இருந்தது. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அப்போது பெயர்களின் வரிசை என் கண்ணில் படவில்லை.

நான் என்ன சொல்வதென்று தெரியாமல், "அப்போ எப்படி வைக்கலாம்?" என்று கேட்டேன். கேட்டபிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"மாத்திடுங்க சார்" என்றார் உடனே. "சிறகுன்னே போட்டுடுங்க. அவரு படிப்பாரு."

மாற்றிவிட்டேன். வலது பக்கத்தில் இப்போது சிறகு இருக்கிறது. இடது பக்கத்தில் நான் தொட எதுவும் இல்லை. அங்கே அவர் எழுதியது எழுதியபடியே இருக்கிறது.